மேலிடமும் நான்கு சர்க்கரை உருண்டைகளும்

அந்தக் கட்டுமான இடத்தில் அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். மேலிடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கீழே நின்று வாக்கி டாக்கியில் "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்" என்று அவருக்கு ஓயாமல் வழி சொல்கிறவருக்குக் கிளி என்று பெயர். மேலிடம் இறக்குகிற கம்பிக் கட்டு, பூனை தன் குட்டியைக் கீழே வைப்பது போலச் சத்தமில்லாமல் தரையில் உட்காரும்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஐம்பத்தாறாம் வயதில் ஒரு சின்னச் சுரப்பி ஆட்டிவைத்தது. பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப்பையை நெருக்க, முக்கால் மணிக்கு ஒருமுறை முட்டிக்கொண்டு வரும். அடித்துப் பிடித்து ஏணியில் இறங்கி ஓடினால், கிடைப்பது நாலு சொட்டு. திரும்ப ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். மற்ற கிரேன்காரர்களைப் போல மேலேயே ஒரு பாட்டில் வைத்துக்கொண்டும் பார்த்தார். பத்து நிமிடம் நின்றாலும் பாட்டிலின் அடி நனையவில்லை. அதுவரை கீழே முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "மேலிடம் இறங்குது, எல்லாரும் டீ குடிங்க" என்று கிளி அறிவிப்பார். இப்படிக் காலையிலேயே நாலு டீ ஆகிவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். புற்று இல்லை, வயதுக்கு வருகிற வீக்கம்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் தலை சுற்றியது. தலை சுற்றுகிறவர் ஏணியில் கால் வைக்கலாமா? யாரிடமும் சொல்லாமல் அவரே நிறுத்திவிட்டார். அடுத்தது ஆபரேஷனாக இருக்குமோ என்று நினைத்த மாத்திரத்திலேயே அவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமே தலை காட்டவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். "அண்ணே, மாசக் கடைசியில மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுறோம். மூணு மணி நேரம் நிறுத்தாம தூக்கணும். அன்னிக்கு உங்களால முடியலைன்னா, நீங்க ஸ்டோரைப் பாத்துக்கங்க. சீட்டுல வேற ஆளைப் போட்டுடறேன்."

ஸ்டோர் என்பது ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற, ஜன்னல் இல்லாத அறை. மேகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவருக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

மனைவிதான் ஹோமியோபதி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். எறும்புக்குப் போடுகிற சர்க்கரையைத் தின்று எவனுக்கு என்ன குணமாயிற்று என்று வழியெல்லாம் முனகிக்கொண்டேதான் இவர் போனார். அந்த டாக்டரம்மா நாடி பார்க்கவில்லை, ஊசியும் எடுக்கவில்லை. ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், வியர்வை நெற்றியிலா கழுத்திலா, கனவில் விழுவீர்களா, பறப்பீர்களா. எல்லாவற்றுக்கும் இவர் "தெரியலையேம்மா" என்றார். எல்லாவற்றுக்கும் மனைவிக்குப் பதில் தெரிந்திருந்தது.

"தண்ணி, காபி எல்லாம் எப்படி?"

"அளவாத்தாம்மா."

"எது அளவு?" என்று மனைவி குறுக்கே வந்தார். "காலையில பெரிய ஃபிளாஸ்க் நிறையக் காபி மேல போகுது டாக்டர். மத்தியானம் காலியா இறங்குது."

"வேற மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சிமெண்ட் தூசிக்குத் தும்மல்னு கடையில வாங்கித் தினம் ஒரு சளி மாத்திரை முழுங்குறாரு. ரெண்டு வருஷமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த மாதிரி மாத்திரை சிலருக்குச் சிறுநீரை அடைக்கும் என்றும், காபி சிறுநீர்ப்பையைக் கிள்ளிவிடும் என்றும் சொன்னார். இரண்டையும் நிறுத்த வேண்டும். தூசிக்கு மூக்கை மூடுகிற முகமூடி போதும். தலை சுற்றியதை ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல வேண்டும், அடுத்த ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. பிறகு ஒரு குட்டிப் புட்டியை நீட்டினார். தினமும் பதினோரு மணிக்கு நாலு உருண்டை. கை படக் கூடாது, கடும் வாசனை எதுவும் கிட்டே இருக்கக் கூடாது.

வினை அங்கேதான் வந்தது. கிரேன் கூண்டுக்குள் எப்போதும் கிரீஸ் நெடி. சொன்ன சொல் தட்டாத நோயாளியாக மூன்றாம் நாள் அவர் கூண்டுக் கதவைத் திறந்து, வெளியே இருக்கிற கம்பி வலைத் தட்டில் நின்று, நல்ல காற்றில் புட்டியின் மூடியைத் திருகினார். காற்று கொஞ்சம் அதிகமாகவே நல்ல காற்றாக இருந்தது. புட்டி சாய்ந்தது. அத்தனை உருண்டையும் வலை வழியாக இறங்கிக் கிளியின் ஹெல்மெட்டில் பொழிந்தது.

"மேலிடம், ஆலங்கட்டி மழை பெய்யுது" என்றார் கிளி. சற்றுப் பொறுத்து, "இனிப்பா வேற இருக்கு" என்றார்.

வேறு புட்டி கேட்கலாம்தான். ஆனால் மனைவிக்குத் தெரிந்துபோகும். தினமும் சாயங்காலம் "போட்டீங்களா?" என்று அவர் கேட்க, இவர் தலையை ஆட்டினார். செய்த தப்புக்குப் பரிகாரம் போல, காபியையும் சளி மாத்திரையையும் கையாலும் தொடவில்லை. நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கும் போனார். நாங்கள் கொடுத்த மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று அங்கே ஒரு பாட்டம் திட்டினார்கள். சளி மாத்திரையை விட்டது சரி, ஆறு வாரம் பார்த்துவிட்டு வேறு மாத்திரை யோசிக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

பத்து நாளில் முக்கால் மணி ஒன்றரை மணியாயிற்று. ஆனாலும் அவருக்குத் திக்திக்கென்றுதான் இருந்தது. மருந்தே இல்லாத குணத்தை எந்தத் தைரியத்தில் நம்புவது?

கான்கிரீட் போடும் நாள் வந்தது. காலை எட்டரைக்கு முதல் வாளி எழுந்தது. கீழே மேனேஜர் கைக்கடிகாரத்தோடு நின்றார். ஒன்பதரை. பத்தரை. பத்தே முக்காலுக்கு லேசாக ஒரு முட்டல். பதினோரு மணிக்கு, உருண்டை போட வேண்டிய நேரத்தில், அது பெரிதாயிற்று. அவர் வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிக்கு விஷயம் தெரியும். அன்றைக்கு அவர் வழக்கத்துக்கு மாறாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கடைசி வாளி தளத்தில் கவிழ்ந்தது.

அவர் ஓடி இறங்கவில்லை. ஒவ்வொரு படியாக, பார்த்துப் பார்த்து இறங்கினார். இந்தத் தடவை வந்தது நாலு சொட்டு இல்லை.

மேனேஜர் ஸ்டோரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அடுத்த தளம் எப்பன்னு சொல்றேன்ணே" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனார்கள். உருண்டையின் மகிமையை மனைவி சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அதை டாக்டரிடமும் விவரித்துக்கொண்டிருந்தபோது இவருக்கு மனசு கேட்கவில்லை. புட்டி சாய்ந்த கதையை உளறிவிட்டார். ரெண்டு நாள்தான் சாப்பிட்டேன், மிச்சமெல்லாம் கிளி தலையில் என்றார்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். இது முழுசாகப் போகிற தொந்தரவு இல்லை, ஆறு வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக மறக்கக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் திட்டு விழும் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மனைவி தெரு முனை வரை விறுவிறுவென்று முன்னால் போனார். பிறகு நின்றார்.

"சரி, உருண்டை இல்லைன்னே வச்சுக்குவோம். அன்னிக்கு காபி, சளி மாத்திரைன்னு அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது யாரு?"