ராமாயி உட்கார்ந்த இடம்

ஏம்பலத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே பிரெஞ்சு சர்க்கார் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு 1934-இல் சிவப்பிரகாசம் வாத்தியாராக வந்தார். புதுச்சேரிக்காரர், தனியாள்.

சட்டப்படி பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. ஊர் வழக்கப்படி சேரிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத்தான் பாடம் கேட்க வேண்டும். அப்படி வந்தவள் ஒருத்திதான், கரும்பு வெட்டும் செல்லப்பனின் மகள் ராமாயி. ஒரு மழை நாளில் சாரல் அவள் சிலேட்டு எழுத்தை அழித்துக்கொண்டே இருந்தது. வாத்தியார் அவளை உள்ளே கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார். மழை விட்ட பிறகும் வெளியே அனுப்பவில்லை.

மறுநாளிலிருந்து மற்ற பிள்ளைகள் வரவில்லை. துணி வெளுப்பவரும் முடி வெட்டுபவரும் வாத்தியார் வீட்டுப் பக்கம் வருவதை விட்டார்கள். பொதுக்கிணற்றில் அவர் குடத்தை இறக்க விடவில்லை. வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார். அவரோடு பேச ராமாயி ஒருத்திதான். அவள் போன பிறகு கரும்பலகையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மிராசுதார் மணவாளன் வந்தார்.

"இன்னா வாத்தியாரே, தாடியெல்லாம் வச்சி சாமியாரா பூட்டீங்களா? ஒரு பொண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடம். பாரீசுல கூட கெடையாதுபா."

"சட்டம் அப்படித்தாங்க."

"சட்டம் புதுச்சேரில கீது. இங்க கரும்புதான் கீது. நாளைலேருந்து செல்லப்பனுக்கு வெட்டு வேலை இல்ல."

சொன்னபடியே செய்தார். சில நாளில் செல்லப்பன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"வூட்ல அடுப்பு எரியல சாமி. வெளிய ஒக்காந்தாவது நாலு எழுத்து கத்துக்கினு இருந்துச்சு. இப்ப அதுவும் பூடும் போலக்குது."

அன்று மாலையே சிவப்பிரகாசம் மணவாளன் வீட்டுக்குப் போனார். ராமாயியை வெளியே உட்கார வைப்பதாகவும், அவள் அப்பாவுக்கு வேலை தர வேண்டும் என்றும் சொன்னார். மணவாளன் காபி கொண்டுவரச் சொன்னார். சிவப்பிரகாசம் குடிக்காமல் எழுந்து வந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு நிறைந்துவிட்டது. முடி வெட்டுபவர் தாமாகவே வந்தார். ராமாயி மட்டும் வரவில்லை. மத்தியானம் வாத்தியார் கரும்புக் கொல்லைக்குத் தேடிப் போனார்.

"அடிச்சிகூட பாத்துட்டேன் சாமி," என்றார் செல்லப்பன். "உள்ள ஒக்காந்துட்டு இனிமே வெளிய ஒக்கார மாட்டேங்குது."

கொஞ்சம் தள்ளி அவள் காய்ந்த கரும்புச் சோகை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராமாயி," என்றார் வாத்தியார்.

"வேலை கீதுங்கய்யா," என்றாள் நிமிராமல். சோகைக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

அவர் வரப்பிலேயே நின்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு கத்துவது அங்கே வரைக்கும் கேட்டது.