கத்திரிக்காய் மைக்

சொந்தப் பிரசங்கத்தின் பதிவைக் கேட்கையில் பாதியிலேயே தூங்கிப்போன போதகர் நான். அதற்கு நான் தேடிய பரிகாரம் அதைவிட மடத்தனம். பக்கத்து நகரத்தின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நடந்த மூன்று நாள் பிரசங்கப் பயிற்சிக்குப் போய், மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டுமென்று கற்றுக்கொண்டு, கத்திரிக்காய் பருமனில் கறுப்புப் பஞ்சு மூடிய மைக் ஒன்றையும் வாங்கி வந்தேன். வெண்ணந்தூரில் எங்கள் சபைக்கு வருவதே நாற்பது பேர். கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக் வந்த வாரமே, முன்வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்திருக்கும் தறிக்கார அக்காவின் கணவர் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் நான் பேசப் பேசச் சபையே அழுதது. எல்லாம் என் திறமை! அதன்பின் அக்கா மூன்று வாரமாக வரவில்லை. அவர் வேலை செய்யும் தறிக்கூடத்துக்கே போனேன்.

பன்னிரண்டு விசைத்தறிகளின் சத்தம் வாசலிலேயே காதை அடைத்தது. "நல்லாருக்கீங்களாக்கா?" என்று பயிற்சியில் சொன்னபடி அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அக்காவோ எதிர்மூலையில் நின்ற பெண்ணைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த தறிக்காரிக்கு எதையோ உதட்டாலேயே அனுப்பினார். அத்தனை இரைச்சலுக்குள் ஒரு கூடமே நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து நின்றேன். பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது.

அக்கா என்னை வெளியே கூட்டி வந்தார்.

"ஏனுங்க்கா, சபைப் பக்கமே காணோம்?"

"இருவது வருசமாத் தறிச் சத்தமுங்க பாஸ்டர். காது போயி நாளாச்சு. உங்க வாயப் பாத்துத்தான் பிரசங்கம் கேப்பேன். இப்ப அதுக்கு முன்னால கத்திரிக்காயப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு எங்கூட்டுக்காரரப் பத்தி என்னமோ சொன்னீங்க. எல்லாரும் அழுதாங்க. எதுக்குன்னே தெரியாம நா உக்காந்திருந்தேன். காது கேக்காதுன்னு சொல்லக் கூச்சமுங்க, யாரையுங் கேக்கல."

அன்று நான் சொன்னது, ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவர் கணவர் அவருக்கென்றே என்னிடம் சொல்லியனுப்பியது.

அதற்குள் தறியில் இழை அறுந்துவிட்டதென்று உள்ளிருந்து ஒரு பெண் சைகை காட்ட, அக்கா உள்ளே ஓடினார். நானும் பின்னால் போய், அவர் இழையை முடிந்து தறியை ஓட்டியதும் எதிரே நின்று, அவர் கணவர் சொன்னதை அப்படியே, சத்தமே எழுப்பாமல் உதட்டால் சொன்னேன்.

"எனக்கு முன்னால எந்திரிக்காத நாளே இல்லீங்க அவ. இனியாச்சும் தூங்கச் சொல்லுங்க."

அக்காவின் கை தறிமேல் அப்படியே நின்றது. எதிர்மூலைப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கடுத்த தறிக்காரியும் துடைத்தார். என் தொண்டையிலிருந்து ஒலியே வரவில்லை; ஆனாலும் சொன்னது கூடத்தின் கடைசிவரை போய்ச் சேர்ந்திருந்தது. அக்காவின் உதடு அசைந்தது. ஆமென். உதட்டிலிருந்து நான் வாசித்த முதல் சொல்.

"மைக்க ஓரமா வெச்சர்றேன். ஞாயித்துக்கெழம வருவீங்களா?" என்று உதட்டாலேயே கேட்டேன்.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, என் காதருகே வந்து சத்தமாகவே சொன்னார்:

"வாரேனுங்க, பிரசங்கத்தப் பாதியாக் கொறைங்க."