பிரேம்காரியும் ஆறு கண்காட்சிகளும்

பட்டச் சான்றிதழுக்குப் பிரேம் போடப் போனவள் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் நடந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள். வணிகவியலில் பட்டம் வாங்கி, அந்தத் தாளைக் கசங்காமல் சுருட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் நான்கு துண்டு மரத்தையும் சேர்த்து ஒட்டி, "எப்படி இருக்கு?" என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இந்த மூலை சேரல."

மயிரிழை இடைவெளி. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் மூலையைப் பார்த்தார். "நாளையிலருந்து வேலைக்கு வர்றியா?" என்றார். அதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது தெருவில் எல்லோருக்கும் அவள் பிரேம்காரிதான். அம்மா மட்டும் அந்தச் சான்றிதழைத் துடைக்கும்போதெல்லாம், "படிச்சதைச் சுவத்துல மாட்டிட்டு ஊர்ல இருக்கறவங்க படத்தைத் தூக்கிட்டுத் திரியுறா" என்று சுவரிடம் சொல்லிக்கொள்வாள்.

போன மாதம் கடைக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "எனக்கு முதுகு போச்சும்மா. மகள் வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். கடையை நீ எடுத்து நடத்துறியா? இல்லன்னா மூடிடறேன். தோழிங்களோட நகரத்துக் கண்காட்சிக்குப் போறியே, போயிட்டு வந்து திங்கட்கிழமை சொல்லு."

வீட்டில் அம்மா ஏதோ அலுவலக வேலைக்கான விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் அது கண்ணில் படும். பிரேம்காரிக்கு இரண்டு பக்கமும் மனசு ஓடியது. 'பன்னிரண்டு வருஷமா நான் செஞ்சது வேலையா, இல்ல வேலை கிடைக்கற வரைக்கும் பொழுதுபோக்கா?' கடைசியில் தனக்குத்தானே ஒரு முடிவுக்கு வந்தாள். அதே தெரு மருந்துக்கடைக்காரர் வரைந்த படம் ஒன்று பெருநகரத்துக் கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தது. அதற்குப் பிரேம் போட்டது அவள். கடைக்காரர் விரல்கூட வைக்கவில்லை. கறுப்பு மரம், உள் ஓரத்தில் நூல் போல ஒரு பொன் கோடு. அந்தப் பிரேம் நகரத்துச் சுவரில் தொங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கடை. பார்க்க முடியாவிட்டால் விண்ணப்பம்.

அந்த வாரம் நகரத்தில் ஒரே சமயத்தில் ஆறு கண்காட்சிகள். அவள் பிரேம் போட்ட படம் எதில் இருக்கிறதென்று தெரியாது. மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால், "உங்க படத்தைப் பார்க்க வரலண்ணே, என் பிரேமைப் பார்க்க வந்தேன்" என்று எந்த முகத்தோடு கேட்பது?

கூட வந்தவர்கள் பள்ளிக்கூடத்துத் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி கணக்கு டீச்சர், இன்னொருத்தி நர்ஸ். தங்கியது நர்ஸின் சித்தி வீட்டில். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இருக்கிற ஒரே அறையில் மூன்று பேரும் குறுக்கே படுத்தால் கால்கள் சமையலறைக்குள் இருக்கும். டீச்சர் கோடு போட்ட நோட்டில் பீரியட் பீரியடாகக் கால அட்டவணை எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"இது என்னடி, 'பதினொண்ணு பத்து முதல் பதினொண்ணு இருபது வரை, வியப்பு'?" என்றாள் நர்ஸ்.

"அங்க ஒரு பெரிய சிலை இருக்காம். வியக்க நேரம் வேணாமா?"

"பத்து நிமிஷம் அதிகம். எனக்கு மூணு போதும்."

முதல் நாள் பொருட்காட்சி மண்டபத்தில் நுழைந்ததுமே மூவருக்கும் தலை சுற்றியது. வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் படம். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிரேம்காரி மூலையைப் பார்த்தாள். ஓர் ஆளுயரப் படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கீழ்மூலையை ஒற்றைக் கண்ணால் பார்த்து, "ம்ஹூம்" என்றாள். பின்னால் நின்ற ஒரு தம்பதி தயங்கித் தயங்கித் தாங்களும் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். கொஞ்ச நேரத்தில் ஒரு சிறு கூட்டமே குத்துக்காலிட்டு அந்த மூலையில் என்னமோ இருக்கிறதென்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார். "இதுல என்னம்மா கவனிக்கணும்?"

"பசை பத்தல" என்றாள் அவள்.

நர்ஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மூன்று பேரும் கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் ஒரு பழைய ஆலை. அங்கே மெல்லிய குழாய்களில் வண்ணத் தண்ணீர் சொட்டுகிற ஒரு சிற்பம். நர்ஸ் அதை இரண்டு நிமிஷம்தான் பார்த்தாள். "அய்யோ, கிளிப்பை எவன்டா இப்படி மாட்டினான், ரிவர்ஸ்ல போகுது பாரு" என்று எட்டிச் சரிசெய்துவிட்டாள். அதைச் செய்த சிற்பி ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று மூவரும் விறைத்து நின்றார்கள். "மூணு நாளா இது ஏன் ஒழுகுதுன்னு மண்டையை உடைச்சிட்டிருந்தேங்க!" என்று அவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை டீச்சரின் முறை. 'ஆயிரம் கட்டங்கள்' என்று ஒரு படம். அவள் எண்ணத் தொடங்கினாள். வியப்புக்கு ஒதுக்கிய நேரம் போய், சாப்பாட்டு நேரமும் போயிற்று.

"வாடி, பசிக்குது."

"பேசாத. அறுநூத்து நாப்பது."

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டுதான் வந்தது. புகார்ப் புத்தகம் எங்கே என்று டீச்சர் கேட்டாள். கருத்துப் புத்தகம்தான் இருந்தது. அதில் சிவப்புப் பேனாவால், 'எட்டு குறைகிறது. சரிபார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் பிரேம்காரி ஒவ்வொரு கூடத்திலும் கறுப்பு மரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. "நீ எதையோ தொலைச்சவ மாதிரியே சுத்துறியே, என்னடி?" பிரேம்காரி உண்மையைச் சொன்னாள். கடை, விண்ணப்பம், பொன் கோடு, எல்லாம்.

"அடிப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று டீச்சர் கால அட்டவணையைக் கிழித்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து, "இங்க இல்ல!" "இங்கயும் இல்ல!" என்று கூடத்துக்குக் கூடம் கத்தி, காவலாளியிடம் இரண்டு தரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மிச்சமிருந்தது ஒன்றுதான். ஓர் அடுக்குமாடி வண்டி நிறுத்தத்தின் மூன்றாம் தளம். தூண்களுக்கு நடுவில் பலகைச் சுவர்கள். தூரத்தில் ஒரு கூட்டம். தலைகளுக்கு மேலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சமையலறை மேஜை, கவிழ்ந்த ஜாடி, கொட்டிக் கிடக்கிற சர்க்கரை. மருந்துக்கடைக்காரரின் படமேதான்.

"எங்கடி உன் பிரேம்?" என்றாள் டீச்சர்.

பிரேம் இல்லை. படம் சட்டை போடாதது மாதிரி வெறும் துணியாகத் தொங்கியது. சரி, விண்ணப்பம்தான் என்று பிரேம்காரி நினைத்தாள். இருந்தாலும் கால் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள்.

படத்தின் ஓரம் முழுக்க எறும்பு.

கடுகளவு எறும்புகள். நாலு ஓரத்தையும் சுற்றி ஒரே வரிசையாக, சர்க்கரைக்கு வழி தேடிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று நின்று பின்னால் வருவதிடம் ஏதோ விசாரித்தது. இரண்டு படத்தைவிட்டே இறங்கிப் போகப் பார்த்தன.

அந்தக் கூடத்தைக் கவனித்துக்கொண்ட பெண் உற்சாகமாகச் சொன்னாள். "பிரேமோட வந்த படம்ங்க. வண்டியில இடிபட்டு மரம் நசுங்கிடுச்சு. கழட்டிப் பார்த்தா, அடியில இத்தனை எறும்பு வரைஞ்சிருக்கு! அன்னையிலருந்து இந்தக் கூட்டம் குறையவே இல்ல. யாரோ ஒரு புண்ணியவான் இதை மூடி வெச்சிருந்திருக்காங்க."

டீச்சரும் நர்ஸும் மெல்லத் திரும்பித் தோழியைப் பார்த்தார்கள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. படம் வாசல் தாண்டியதும் முகத்தில் கீறல் விழக்கூடாதென்று துணி விரித்துக் குப்புறப் போட்டுவிடுவார்கள். அளப்பதும் பொருத்துவதும் முதுகுப் பக்கமிருந்துதான். மரத்தின் உதடு நாலு பக்கமும் அரை விரல் அகலத்துக்குப் படத்தை மூடிக்கொள்ளும். எட்டு நாள் இந்தப் படம் அவள் மேஜையில் கிடந்தது. எட்டு நாளும் அவள் பார்த்தது முதுகை. பிரேம் போட்டு நிமிர்த்தி முகத்தைப் பார்த்தபோது ஓரம் மரத்துக்கு அடியில் போயிருந்தது.

"மூலை பிரிஞ்சுதா?" என்று கேட்டாள். அவளே எதிர்பார்க்காத கேள்வி.

"அதான் ஆச்சரியம். மரம் நசுங்கியிருக்கு, மூலை அசையல. ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"அந்தப் புண்ணியவதி நான்தாங்க."

முதலில் நர்ஸுக்குத்தான் சிரிப்பு பீறிட்டது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். கறுப்புப் பிரேம் தூணில் சாய்ந்திருந்தது. அதில் யாரோ இரண்டு கைப்பைகளையும் ஒரு குடையையும் மாட்டியிருந்தார்கள். பொன் கோடு அழகாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிக அழகோ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, எறும்பு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

மறுமுனையில் அவர் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். "பிரேமைத் தூக்கிட்டு வந்தப்ப உன் முகத்தைப் பார்த்தேன்மா. அவ்வளவு சந்தோஷம். எறும்புக்காக அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"எத்தனை எறும்புண்ணே போட்டீங்க?"

"முன்னூத்துப் பன்னெண்டு."

டீச்சர் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

பிரேம்காரி மறுபடியும் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ஓரங்களை மூடியிருப்பாளோ. அதை நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்குள்ளேயே அவள் கை காற்றில் கோடு போட்டது. ஆழமாக ஒரு பெட்டி. படம் அதன் நடுவில் எதையும் தொடாமல் நிற்கணும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. எறும்பு தாராளமாக நடமாடலாம். அவள் கடைக்காரரைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் அதைச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதெல்லாம் என் கையில வராதும்மா" என்றார் அவர்.

"உங்களை யாருண்ணே செய்யச் சொன்னா?"

"அப்போ கடை?"

"திங்கட்கிழமை சாவியோட வாங்க. முதல் வேலையா அந்தக் குப்புறப் போடற வழக்கத்தை நிறுத்துறோம்."

போனை வைத்ததும் நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"உங்க அம்மாகிட்ட யாருடி சொல்றது?" என்றாள் நர்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீதான். உன் பேச்சை அவங்க கேப்பாங்க."

"ஊசி போடறதுன்னா கூப்பிடு, வர்றேன். இந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல."

"முன்னூத்து ஒண்ணு," என்றாள் டீச்சர். "சத்தம் போடாதீங்கடி."