கடைக்கு எதிரே நின்ற சாலா அக்கா

சாலா அக்கா இறந்த செய்தியை எங்கள் கூட்டத்துக்கு வரும், ஆட்டோ ஓட்டும் முருகன்தான் போனில் சொன்னார். வேங்கிக்காலில் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க சார், ஆஸ்பத்திரில" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதனாலன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றார். அக்கா மறுபடி குடித்துவிட்டாரோ என்பதுதான் அவர் கேட்க வந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மனதிலும் அதே கேள்விதான் முதலில் எழுந்தது.

செங்கம் சாலை மாடி அறையில் நடக்கும் கூட்டத்துக்கு வாராவாரம் வருகிற உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக, அவருடைய மகனின் சம்மதத்தோடு சொல்கிறேன். ஆசிரமப் பகுதியில் விருந்தினர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர் அக்கா. குடிகாரக் கணவர் தெருவில் விழக்கூடாதென்று வீட்டிலேயே பாட்டில் வாங்கிவைத்தார். துணைக்கு உட்காரப்போய்த் தானும் குடிக்கத் தொடங்கினார். "அவரு போயிட்டாரு, அது போகல" என்று கூட்டத்தில் சொல்வார். குடியை விட்ட பிறகு, விட நினைப்பவர்களுக்காக அந்த அறையைத் திறந்துவைத்தார்.

நான் அந்த அறையைத் தேடிப் போனபோது என் மனைவி மகளோடு போளூரில் தாய்வீட்டில் இருந்தாள். திரும்பி வருவாளா என்பது தெரியவில்லை. இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்று ஒரு டாக்டர் வழி சொல்லி அனுப்பினார். அங்கே போனால் பெயர்ப்பலகை இல்லை. காபிக்கடையில் விசாரித்தேன். அவர்கள் காட்டிய வீட்டில் வெளிநாட்டுக்காரர்கள் பாயில் படுத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். எல்லாவற்றையும் குணப்படுத்துகிறேன் என்று சொல்லும் ஆட்கள் அந்தப் பக்கம் ஜாஸ்தி. இதுவும் அப்படி ஒன்றுதான் என்று திரும்பினேன். பக்கத்து வீட்டு மாடிப்படியின் கீழே டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். வாடகைக்கு வீடு பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

"வீடு இல்லிங்க. மேல டீ இருக்கு. குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர்தான் சாலா அக்கா.

போனேன். ஆனால் எதையும் நம்பவில்லை. மதம் மாற்றுகிறவர்களாக இருக்கலாம். மருந்து விற்கிறவர்களாக இருக்கலாம். மூலையில் இருந்தவரை எங்கள் அலுவலகத்தில் பார்த்த ஞாபகம். பெயர் கேட்டபோது குமார் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேரு பொய்யா இருந்தாலும் பரவால்ல. குடிக்கிறது நெஜம்தானே?" என்றார். அடுத்த வாரமும் போனேன், இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று கண்டுபிடிப்பதற்காக. யாரும் என்னிடம் பணமோ வேறெதுவுமோ கேட்காததே என் சந்தேகத்தை அதிகமாக்கியது.

ஒரு மத்தியானம் பேருந்து நிலையம் பக்கம் போனேன். எதற்காக அந்தப் பக்கம் போனேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மதுக்கடைக்கு எதிரே, பூட்டிய கடை ஒன்றின் நிழலில் சாலா அக்கா நின்றிருந்தார். எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் நினைத்தது சரியாகிவிட்டதல்லவா. கொஞ்சம் தள்ளி நின்று, அவர் உள்ளே போவதைப் பார்க்கக் காத்திருந்தேன். வெயில் நகர்ந்து அவர் தலைக்கு வந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாரே தவிர அசையவில்லை. கடைசியில் நானே அருகில் போனேன்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவர் உள்ளே போயிருப்பதாகவும், அவர் வெளியே வந்தால் வீட்டில் கொண்டுபோய் விட நிற்பதாகவும் சொன்னார். உள்ளே போய்க் கூப்பிடலாமே என்றேன்.

"உள்ள போனா எனக்குத் திரும்பி வரத் தெரியாது" என்றார். "இவ்ளோ வருசம் ஆச்சு. இன்னும் என்னை நான் நம்பறதில்ல. நீங்க ஏன் என்னை நம்பணும்? சந்தேகத்தை விடாதீங்க. என் மேல இருந்து எடுத்து உங்க மேல வைங்க."

அந்த மனிதர் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். போகும் வழியில் என் உண்மைப் பெயரைச் சொன்னேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

என் மனைவி நெடுநாள் கழித்துத்தான் திரும்பி வந்தாள். வந்த பிறகும் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அருகில் வந்து மூச்சை முகர்ந்து பார்ப்பாள். அதை அக்காவிடம் குறையாகச் சொன்னேன். "பார்க்கட்டும். பார்க்கறதை விட்டுட்டா தான் பயப்படணும்" என்றார்.

சாவு வீட்டில் பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் சிலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு உறவினர், "அது அவ்ளோ லேசுல விடுமா? மறுபடி ஆரம்பிச்சிருக்கும்" என்று சொல்வது காதில் விழுந்தது. ஒரு டம்ளரை என் பக்கமும் நீட்டினார். நான் முருகன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்தேன். ஆனால் அந்த உறவினர் சொன்னது கூடவே வந்தது. பொறுக்க முடியாமல் அக்காவின் மகன் செந்திலைத் தனியாக அழைத்து நேராகவே கேட்டுவிட்டேன். அவர் என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

செந்தில் கோபப்படவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியதாகச் சொன்னார். "ஆஸ்பத்திரில இருமல் மருந்து குடுத்தாங்க. பாட்டில் மேல இருக்கறதப் படிடான்னு அம்மா காட்டினாங்க. ஆல்கஹால் இருக்குன்னேன். மாத்தி வாங்கிட்டு வான்னாங்க. பேசவே முடியல, எல்லாம் கையாலதான். வேற மருந்து வாங்கிக் குடுத்த பிறகுதான் வாயத் திறந்தாங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது கல்யாண வீட்டிலும் அலுவலக விருந்திலும் யார் எதைக் கொடுத்தாலும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை கையைக் கீழேயே வைத்திருக்கிறேன். சாலா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான்.