முப்பத்தைந்து வாங்கினால் பாஸ்

செத்துப்போன மனுஷனைத் திட்டக் கூடாது என்று என் நாத்தனார் சொல்கிறார். நான் திட்டத்தான் செய்வேன். உயிரோடு இருந்தபோது திட்டியதை ஒரு நாளாவது காதில் வாங்கியிருந்தால் இப்போது எனக்கு இந்த வேலையே இல்லை.

என் வீட்டுக்காரர் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் முப்பத்துமூன்று வாங்கித் தோற்றவர். இரண்டு மார்க்கில் போன படிப்பு. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, தலை நரைத்த பிறகும் அந்த இரண்டு மார்க்கைச் சொல்லிப் புலம்புவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன வருஷம் பந்தலுக்குள் மருந்தடிக்கும்போது மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். தேனிக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தோம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் பசை தடவி, கருவியை வைத்து அழுத்தினார்கள். திரையில் அவர் இதயம் தெரிந்தது. டாக்டர் தன் கையை இறுக்கி மூடித் திறந்து, நல்ல இதயம் இப்படி வேலை செய்யும் என்றார். பிறகு விரல்களை அரைகுறையாக மடக்கி, இவருக்கு இவ்வளவுதான் என்றார்.

“பம்பிங் முப்பத்தஞ்சுதான் இருக்கு. நல்லா இருக்கவங்களுக்கு அறுபதை ஒட்டி இருக்கும்” என்றார். மாத்திரையை விடக் கூடாது, உப்பைக் குறைக்கணும், கனம் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுக்கணும் என்றெல்லாம் சொன்னார். இவர் காதில் முப்பத்தைந்து மட்டும்தான் விழுந்தது.

வெளியே வந்ததும் முகமெல்லாம் பல். “பாஸ் பண்ணிட்டேன்டி. மொத மார்க்கே அறுபதுதானாம்ல” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் மைசூர்பாகு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தபோதுதான் விளங்கியது. தின்றவர்களும் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள், பாவிகள். “டாக்டரே பாஸுன்னு சொல்லிட்டாகளாம்ல” என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடமே வந்து சொன்னாள்.

சண்டை போட்டேன். அது பாஸ் மார்க்கே இல்லை, மருந்தடிக்கிற பம்பில் வாஷர் தேய்ந்த மாதிரி உங்கள் நெஞ்சு தேய்ந்து கிடக்கிறது என்று தெருவில் நின்று கத்தினேன். கேட்டால்தானே! அடிக்கடி ஒன்றுக்குப் போகவைக்கிறது என்று முதலில் ஒரு மாத்திரையை நிறுத்தினார், பிறகு மற்றதையும் நிறுத்தினார். ஸ்பிரேயர் மறுபடி முதுகில் ஏறியது. எக்கோவுக்குக் கூப்பிட்டால், பாஸானவன் எதற்குத் திரும்பவும் பரீட்சை எழுதணும் என்று கேட்டார். எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. பயத்தைக் காட்டத் தெரியாமல் கத்திக்கொண்டே இருந்தேன்.

திராட்சை வெட்டு முடியும்போது கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு திணறுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். ஒரு நாள் காலையில் செருப்பு காலுக்குள் நுழையவில்லை. தேனிக்குப் போவோமா என்று அவரே கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் என் ஆத்திரமெல்லாம் இறங்கிப்போனது.

இந்த முறை அவரால் படுக்க முடியவில்லை. சாய்த்து உட்காரவைத்தே எக்கோ எடுத்தார்கள். திரையில் இதயம் அசைகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. டாக்டர் என்னை வெளியே அழைத்து, பதினைந்து என்றார். பிள்ளைகளை வரச் சொல்லிவிடுங்கள் என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அதை ஒரு கையால் விலக்கிவிட்டுக் கேட்டார்.

“எம்புட்டாம்?”

“முப்பத்தஞ்சு மாமா. பாஸு.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது பாஸ் இல்லைன்னு தெருவுல நின்னு கத்துனவ நீதானடி” என்றார்.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு என்று அப்புறம் கேட்கவே இல்லை.