நேர் ரோட்டில் ஏன் பிரேக்?

மோகனப்ரியாவுக்கு ஒரு விஷயம் ஏன் அப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. அம்மையார்குப்பத்து வீட்டில் பவர்லூம் தறி நின்றுபோனால், மெக்கானிக் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கேள்வி கேட்பாள். அவர் கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடர்வார்.

திருத்தணியில் பரந்தாமன் நடத்தும் வேன் ஆபீஸில் அவளுக்கு வேலை. கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைகளுக்குப் போகும் பதினோரு வேன்களும் ஷிப்ட்டுக்கு நேரத்தில் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம், துளசிங்கம் ஓட்டிய வேன் கே.ஜி.கண்டிகை தாண்டி ஒரு பால் வண்டியின் பின்னால் மோதியது. இரண்டு பெண்களுக்கு நெற்றியில் தையல். துளசிங்கம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர்.

"தூங்கிட்டிருப்பான். வயசாய்டுச்சு, நிறுத்திடலாம்" என்றார் பரந்தாமன்.

"நான் தூங்கல சார்" என்றார் துளசிங்கம். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

மோகனப்ரியாவை அது உறுத்தியது. ஒரு வாரம் பொறுக்கும்படி முதலாளியைக் கேட்டுக்கொண்டாள். அதுவரை துளசிங்கம் வேலைக்கு வர வேண்டாம் என்றார் அவர். எல்லா வேனிலும் ஜிபிஎஸ் கருவி உண்டு. திடீரென்று பிரேக் அடித்தால் கம்ப்யூட்டர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. மூன்று மாதப் புள்ளிகளை எடுத்தாள். நாற்பத்தொன்று. வளைவிலும் பஜாரிலும் இருக்கும் என்று நினைத்தாள். பாதிக்குமேல் நேரான, காலியான ரோட்டில் கிடந்தன. எல்லா டிரைவர் பேரிலும் இருந்தன.

மூன்று நாள் மூன்று வேன்களில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தாள். அந்த மூன்று காலையும் பதினோரு வேன்களில் எதற்கும் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"நீங்க குந்திகினா வண்டி ஒழுங்கா போவுதுக்கா" என்று சிரித்தான் டிரைவர் சேட்டு. அவளுக்குத் தலை சுற்றியது. மற்ற பத்து வண்டியில் யார் உட்கார்ந்தார்கள்?

நான்காம் நாள் ஆபீஸில் வழக்கம்போல் போனை எடுத்தாள். "சேட்டு, எங்க வர?"

"ஆங், மணவூர் தாண்டி வந்துகினு..."

டயர் கிறீச்சிட்டது. பெண்கள் அலறுவது கேட்டது.

"சேட்டு!"

"ஒண்ணும் ஆவலக்கா. நாய் குறுக்க வந்துச்சு. வச்சிடறேன்."

வரைபடத்தில் புதிதாக ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆபீஸ் போனில் தான் அழைத்த நேரங்களைப் புள்ளிகளின் நேரத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். நாற்பத்தொன்றில் இருபத்தாறு, அவள் பேசிக்கொண்டிருந்த நிமிடங்களில் விழுந்தவை. அவள் வேனில் போன மூன்று காலையும் ஆபீஸிலிருந்து ஒரு அழைப்பும் போயிருக்கவில்லை. பால் வண்டியில் மோதிய நிமிடமும் அதில் இருந்தது. அன்று லைன் கட்டானதும் டவர் கோளாறு என்று நினைத்து மறுபடியும் அடித்திருந்தாள்.

அன்று சாயங்காலமே துளசிங்கம் வீட்டுக்குப் போனாள். "ஏண்ணா சொல்லல?"

"இன்னாத்தம்மா சொல்றது? ஆபீஸ் போனு. எடுக்கலன்னா சார் கத்துவாரு. எடுத்தேன்னு சொன்னா உன்னத்தான் புடிப்பாரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஓடுகிற வண்டிக்கு இனி போன் வேண்டாம் என்றாள். "போன் பண்ணாம வண்டி எங்க வருதுன்னு எப்படித் தெரியும்?" என்று பரந்தாமன் எரிந்து விழுந்தார்.

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "பதினோரு வண்டியும் இதுல ஓடிகினு இருக்குது பாருங்க. இத்த கண்ணு முன்னாடி வச்சிகினுதான் சார் நான் போன் பண்ணிகினு இருந்தேன்."

பரந்தாமன் திரையில் நகரும் வேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், "துளசிங்கத்த திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு ஓடுகிற வண்டிக்கு ஆபீஸிலிருந்து போன் போவதில்லை. அவசரமென்றால் டிரைவரே ஓரம்கட்டி நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். வேன் எங்கே என்று கேட்டால் வரைபடத்தைப் பார்த்து அவளே சொல்லிவிட, அதுவும் அடங்கியது. பழக்க தோஷத்தில் கை மட்டும் பல நாள் போனுக்குப் போய்த் திரும்பியது.

அடுத்த மூன்று மாதத்தில் புள்ளிகள் ஒன்பதுதான். அதில் ஆறு ஒரே இடத்தில், செவ்வாய்க்கிழமைகளில்.

"அங்க அன்னிக்கு சந்தைம்மா. மாடுங்களை ஓட்டிகினு வருவாங்க" என்றார் துளசிங்கம்.

"எத்தினி மணிக்குண்ணா? எந்தப் பக்கத்துலேந்து வரும்?"

அவர் சிரித்துக்கொண்டே வேனின் முன்சீட்டில் இருந்த துண்டை எடுத்துவிட்டு, "ஏறு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார்.