வெயிலில் காயவைத்த பற்றரி

நண்பகல் வெயிலில் கிடந்த பற்றரியைக் கையிலெடுத்தால் உள்ளங்கை சுடும். அதன் வாயை அடைத்த கறுத்தக் கீல் உருகிய மணம் விரல்களில் ஒட்டிக்கொள்ளும். பனிச்சங்கேணியில் வாவிக்கரையோரமிருந்த எங்கள் முற்றத்தில், ஒரு தகரத் துண்டின்மேல், தீர்ந்துபோன இரண்டு பற்றரிகளை அம்மா தினமும் காயப்போடுவார். பொழுது படும்போது அவற்றை டோர்ச்சில் போட்டு, 'ஆறு' என்று நாங்கள் சொல்லும் வாவியை நோக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறாலுக்குப் போன அப்பா தோணியோடு திரும்பாத வருடம் அது. போர்க்காலத் தடையால் கடைகளில் புதுப் பற்றரி கிடைக்காத காலமும் அதுதான்.

கூரைகளில் சூரியத் தகடு பூட்ட அனுமதி கொடுத்துக் கொடுத்தே மின்சாரக் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆகவே முறைப்படி சொல்லிவைக்கிறேன்: தகட்டில் வெளிச்சமே மின்சாரமாகிறது, பற்றரிக்குள் வெயில் எதையும் புதிதாக வைப்பதில்லை. மிச்சமாய்க் கிடப்பதைச் சூடு சற்றுக் கிளறிவிடும், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொல்ல அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சொல்லவில்லை.

"என்னகா, கருவாட்டோட பற்றரியும் காயுது? குழம்பு வைக்கிறதுக்கோ?" என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மாமி சீண்டுவார்.

"உங்கட கருவாடு மறுகா நீந்தாதுகா. இது மறுகா எரியும்" என்பார் அம்மா.

அப்பாவின் அண்ணன் ஒருநாள் வந்து, "செய்ய வேண்டிய காரியத்தச் செய்வம், புள்ள" என்றார்.

"செய்யலாம், அத்தான். அவர் வாற நேரம் கரை இருட்டாக் கிடந்தா, வேற ஊரெண்டு நினைச்சு அங்கால போயிருவாரே."

பெரியப்பா எழுந்து போனார்.

பிறகு மாரி வந்தது, வெயில் போயிற்று. டோர்ச் பல்பின் கம்பி சிவந்து, அணைந்தது. அடுப்பருகே வைத்தால் வெடிக்கும் என்று பயந்த அம்மா, மறுநாள் விடிந்ததும் இரண்டு பற்றரிகளையும் சேலைக்குள், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படியே சமைத்தார், தண்ணீர் அள்ளினார், எனக்குத் தலை வாரிவிட்டார். மாலை மழைக்குள் போய் டோர்ச்சின் பொத்தானை அமத்தினார். மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது. நான் ஆற்றைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். யாரோ வந்துவிட்டதுபோல் இருந்தது அந்த முகம். சில நாளில் பற்றரி ஒழுகி வயிற்றில் புண்ணானது. அந்த வடு கடைசிவரை இருந்தது.

இப்போது அதே வளவில் என் வீட்டுக் கூரை நிறையத் தகடுகள். ஊரில் கரண்ட் நின்றால் அவையும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்கான விதி அது, நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். "அப்ப கரை இருட்டாகுமே, புள்ள" என்றார் முதுமையில் அம்மா. அதனால் கரையில் ஒரு கம்பம் நட்டு, தனியாக ஒரு சூரிய விளக்குப் பூட்டினேன்.

அம்மா இன்றில்லை. முற்றத்துத் தகரமும் இல்லை. பற்றரியை யாரும் காயப்போடுவதுமில்லை. விளக்கு மட்டும், பொழுது பட்டதும், யாரும் தொடாமலே எரியத் தொடங்குகிறது. அப்பா இனி வந்தால், அம்மா கரையில் நிற்கிறார் என்றுதான் நினைப்பார்.